திருகோணமலையில் ஹைபிரிட் கார் வாங்கலாமா? வாங்குமுன் பார்க்கவேண்டியவை, படிப்படியாக

கார் விற்கிறவரும் வாங்குகிறவரும் சந்தித்தால் பேச்சு முதலில் "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்பதில்தான் தொடங்குகிறது. 2022இல் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாகக் காத்துக் கிடந்த ஊருக்கு அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. 2021 டிசம்பரில் 177 ரூபாய்க்கு அடித்த 92 ஒக்ரேன் பெற்றோல் 2022 ஜூன் முடிவில் 470 ரூபாய்க்குப் போனது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். அந்த 20 லீற்றரில் டொயோட்டா அக்வா என்ற ஹைபிரிட் கார், அதாவது பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் பற்றரியும் சேர்ந்து ஓட்டும் கார், வைத்திருந்தவர் 400 கிலோமீற்றர் ஓடினார். பழைய பெற்றோல் கார் வைத்திருந்தவர் 240ஐத் தாண்டவே திணறினார். ஹைபிரிட்டுக்கு இங்கே மதிப்பு ஏறியது அப்போதுதான்.

அந்த மதிப்பு நியாயமானது. ஆனாலும் அதை மட்டும் நம்பி இலட்சக்கணக்கில் பணத்தைக் கொட்டக் கூடாது. நமது பக்கத்தில் கைமாறும் ஹைபிரிட்களில் பெரும்பாலானவை 2012 தொடக்கம் 2018 வரையில் ஜப்பானிலிருந்து வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த கார்களே திரும்பத் திரும்பக் கைமாறி வயதேறின, விலையும் ஏறியது. ஆகவே நீங்கள் இன்று ஒரு அக்வாவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், உண்மையில் பத்து வருடம் தாண்டிய ஒரு பற்றரியை விலை பேசப் போகிறீர்கள். கார் அதோடு சேர்ந்து வருகிறது. இந்த வழிகாட்டி முழுவதையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் 1,500 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறவருக்குப் பற்றரி சரியாக இருந்தால் ஹைபிரிட் நல்ல கொள்வனவு. 500க்குக் குறைவாக ஓடுகிறவர் சின்னப் பெற்றோல் கார் வாங்குவதே புத்தி. நடுவில் இருப்பவர்கள்தான் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டியவர்கள்.

படி 1: உங்கள் தூரத்தை எழுதுங்கள்

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். இப்போது வைத்திருக்கும் வண்டியின் மீற்றரை மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் படம் எடுத்து வையுங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவரானால் அந்த மீற்றரே போதும்.

உவர்மலையில் வீடு, நகரத்தில் வேலை, பிள்ளையைப் பாடசாலையில் விட்டு எடுப்பது, கிழமைக்கு ஒருமுறை மீன் சந்தை, வெள்ளிக்கிழமை கோணேசர் கோயில் என்று ஓடும் குடும்பம் மாதம் 300, 400 கிலோமீற்றரைத் தாண்டுவது அரிது. கிண்ணியாவிலிருந்து தினமும் நகரத்துக்கு வந்துபோகும் ஆசிரியைக்குப் போக வர 40 கிலோமீற்றர் அளவில் பிடிக்கும். மாதத்துக்கு 900 வரும். கந்தளாயில் வேலை என்றால் 1,700ஐத் தொடும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஹயர் ஓடுகிறவர் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஒருமுறை போய்வந்தாலே ஏறத்தாழ 500. இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்கிற நண்பரை நம்பாதீர்கள்.

படி 2: மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஹைபிரிட் எண்ணெய் சேமிப்பது மூன்று வழியில். பிரேக் அமுக்கும்போது வீணாகிற ஓட்டத்தை மோட்டர் மின்சாரமாக்கிப் பற்றரியில் சேர்க்கிறது. நிற்கும்போதும் ஊரும்போதும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. எஞ்சினும் அட்கின்சன் சுழற்சி என்ற முறையில், இழுவையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எண்ணெயை மிச்சம் பிடிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

முதல் இரண்டும் நின்று நின்று போகும் வீதியில்தான் முழுப் பலன் தரும். கொழும்பு காலி வீதியில் ஒரு மணித்தியாலம் ஊர்ந்தால் பெற்றோல் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் வித்தியாசம் மலைபோலத் தெரியும். திருகோணமலை அப்படியில்லை. காலையில் பாடசாலை நேரமும், அநுராதபுரச் சந்திப் பக்கம் கொஞ்ச நேரமும் தவிர இங்கே நெரிசல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கந்தளாய் தாண்டி ஹபரணைக்கு நேராகப் போகும் வீதியில் 70, 80இல் சீராக ஓடும்போது எஞ்சின்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. அங்கே மூன்றாவது வழியால் வரும் பலன் மட்டும் மிஞ்சுகிறது. அதுவும் நல்ல பலன்தான், ஆனால் விற்பனையாளர் சொல்லும் கொழும்புக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாடசாலை வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருக்காத பெற்றோர் யார்? சாதாரணக் கார் அந்த நேரம் முழுக்க எஞ்சினை ஓட்டி எரிக்கும். முழு ஹைபிரிட்டில் ஏசி கொம்பிரசர் பற்றரியில் ஓடுகிறது. சார்ஜ் இறங்கும்போது மட்டும் எஞ்சின் விழித்துச் சில நிமிடம் ஓடி மறுபடி அணையும்.

படி 3: கணக்குப் போடுங்கள்

பெற்றோல் விலை மாதாமாதம் மாறும் என்பதால் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கணக்குப் போடும் நாளின் விலையை அந்த இடத்தில் போடுங்கள். 1,300, 1,500 சிசி தானியங்கிப் பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், அக்வா போன்றது 20 என்று எடுப்போம். ஏசியுடன் நமது வீதியில் கிடைக்கும் நியாயமான எண்கள் இவை.

மாதம் 1,000 கிலோமீற்றருக்குப் பெற்றோல் காருக்கு 25,000 ரூபாய், ஹைபிரிட்டுக்கு 15,000. மிச்சம் 10,000. ஆகவே ஒவ்வொரு 100 கிலோமீற்றருக்கும் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இனி மறுபக்கம். ஒரே வயது, ஒரே அளவுள்ள பெற்றோல் காரைவிட ஹைபிரிட்டுக்கு 5 இலட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். பற்றரி மாற்ற 3 இலட்சம் ஒதுக்குங்கள். இரண்டும் உதாரணத்துக்குச் சொன்ன தொகை. உண்மை விலையை நீங்கள்தான் கேட்டுப் போடவேண்டும். மொத்தம் 8 இலட்சம். கந்தளாய்க்குப் போய்வருகிறவர் வருடத்துக்கு 2 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சம் பிடிப்பார், நான்கு வருடத்தில் போட்டதை எடுத்துவிடுவார். கிண்ணியா ஆசிரியைக்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். உவர்மலைக் குடும்பம் மாதம் 400 ஓடினால் பதினாறு வருடத்துக்கு மேல் வேண்டும். அதற்குள் காரே முடிந்துவிடும்.

லீசிங்கில் எடுக்கிறவர் இதில் இன்னொரு கோடு போடவேண்டும். கூடுதலாகக் கொடுக்கும் அந்த 5 இலட்சமும் வட்டிக்கு எடுத்த காசு. வருட வட்டி 15 வீதம் என்றால்கூட முதல் வருடத்தில் 75,000 ரூபாய் போகிறது. 400 கிலோமீற்றர் ஓடுகிறவரின் வருட மிச்சமே 48,000தான்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் பாருங்கள். அக்வாவைப் பெற்றோலில் ஓடும் டொயோட்டா அக்ஸியோவோடு ஒப்பிட்டால் ஹைபிரிட் வெல்லும். லீற்றருக்கு 16 ஓடும் 800 சிசி அல்ட்டோவோடு ஒப்பிட்டால் 1,000 கிலோமீற்றருக்கு மிச்சம் 4,000 ரூபாய்க்கும் குறைவு. அல்ட்டோவின் விலையையும் அதன் உதிரிப்பாக விலையையும் நினைத்தால் காசுக் கணக்கில் அல்ட்டோவை அடிக்க முடியாது. ஐந்து பேர் ஏறி, பின்னால் பெட்டிகளும் வைத்து கொழும்புக்குப் போகவேண்டியவர் அல்ட்டோவில் படும் பாடு வேறு கதை.

பெற்றோல் 450க்குப் போனால் மிச்சம் ஒன்றரை மடங்காகும். 2022ஐப் பார்த்தவர்கள் அதை நடக்காத விஷயம் என்று தள்ளமாட்டார்கள். ஆகவே 900, 1,000 கிலோமீற்றர்க்காரர் ஹைபிரிட் பக்கம் சாய்ந்தால் நான் தடுக்கமாட்டேன், பற்றரி நன்றாக இருக்கும் பட்சத்தில்.

படி 4: எந்த ஹைபிரிட் என்று பிரித்துப் பாருங்கள்

பின் கதவில் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல.

சுசுகி வகன்ஆர் மென்மையான வகை. பெல்ற்றோடு பூட்டிய சின்ன மோட்டர் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். மோட்டரை நம்பி நெடுந்தூரம் ஓடாது. இதன் நன்மை, உயர் அழுத்த மின்சாரமோ பெரிய பற்றரியோ இல்லை. பழுதானாலும் கை அதிகம் கடிக்காது. எண்ணெய் மிச்சத்தில் பெரும் பங்கு காரின் எடை குறைவாலும் 660 சிசி எஞ்சினாலும் வருவது. நகரத்துக்குள் ஓடும் குடும்பத்துக்கு இது நல்ல நடுவழி.

டொயோட்டாவின் அக்வா, பிரியஸ், அக்ஸியோ ஹைபிரிட் ஆகியவை முழு ஹைபிரிட். 1997இல் பிரியஸ் முதலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததிலிருந்து இதே அடிப்படைதான். இதில் பெல்ற் கியர் இல்லை, தனி ஸ்டாட்டர் மோட்டரும் அல்ரனேற்றரும் இல்லை. பல்சக்கரங்களும் இரண்டு மோட்டர்களும் சேர்ந்து கியர் வேலையைப் பார்க்கின்றன. கியர்பொக்ஸ் கெட்டுப்போவது அரிது. பழைய ஹைபிரிட் வாங்குகிறவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரிசையைத்தான். உதிரிப்பாகம் கிடைக்கும், வேலை தெரிந்த ஆட்களும் கிடைப்பார்கள்.

ஹொண்டாவின் 2013க்குப் பிந்திய பிற் ஜிபி5, வெசல், கிரேஸ் ஆகியவை ஏழு கியர் இரட்டைக் கிளச் முறையில் வந்தவை. ஓட்டத்தில் சுறுசுறுப்பு, பார்க்கவும் அழகு. ஆனால் அந்தக் கியர்பொக்ஸுக்காக ஜப்பானிலேயே முதல் ஒரு வருடத்துக்குள் பல தடவை கார்களைத் திரும்ப அழைத்தார்கள். மேட்டிலும் நெரிசலிலும் ஊரும்போது கிளச் சூடேறும். வாங்குவதானால் கியர்பொக்ஸ் தெரிந்த ஒருவர் ஓட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

2025இல் இறக்குமதி திறந்த பிறகு வந்த ரைஸ் ஹைபிரிட், யாரிஸ் குரொஸ் போன்றவை ஒரு கோடியைத் தாண்டும் விலை. அந்தக் காசு கொடுப்பவர் எண்ணெய் மிச்சத்துக்காக வாங்குவதில்லை. அதனால் இந்தக் கணக்கு அவருக்கு வேண்டியதில்லை. பற்றரிக்கு யார், எத்தனை வருடம் பொறுப்பு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கட்டும்.

படி 5: பற்றரியைப் பரிசோதியுங்கள்

இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

அக்வாவின் பழைய மொடலில் பின் இருக்கைக்குக் கீழே நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரி இருக்கிறது. 7.2 வோல்ற் கொண்ட 20 துண்டுகள் சேர்ந்து 144 வோல்ற். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 துண்டுகள், 201.6 வோல்ற். இந்தத் துண்டுகளில் ஒன்று பலவீனமானாலும் முழுப் பற்றரியும் அதன் அளவுக்கு இறங்கிவிடும்.

காரை முதலில் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டாட் பண்ணவேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். ஏசியைப் போட்டு நிலாவெளி வீதியில் அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள். வேகமாக ஏற்றி, மெதுவாகப் பிரேக் பிடித்து, மறுபடி ஏற்றிப் பாருங்கள். திரையில் பற்றரிக் கோடுகளைக் கவனியுங்கள். நல்ல பற்றரியில் அவை நிதானமாக ஏறி இறங்கும். நாலு நிமிடத்தில் நிரம்பி, ஒரு சின்ன ஏற்றத்தில் சரிந்து, மறுபடி நிரம்பினால் அந்தப் பற்றரியின் கொள்ளளவு போய்விட்டது. பின் இருக்கைப் பக்கமிருந்து விசிறி உரக்கச் சுழலும் சத்தம் கேட்டால் அது சூடேறித் தவிக்கிறது என்று பொருள்.

அடுத்து ஸ்கானர், அதாவது காரின் கணினியோடு பூட்டிப் படிக்கும் கருவி. பிரியஸில் இரண்டிரண்டு துண்டாகப் பிரித்து 14 புளொக்காக வோல்ற் காட்டும். ஓட்டத்தில் இருக்கும்போதே பார்க்கவேண்டும். நிற்கும் காரில் எல்லாப் பற்றரியும் நல்ல பிள்ளையாகவே தெரியும். அக்சிலேற்றரை அழுத்தி ஏற்றும்போது எல்லாப் புளொக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இறங்கவேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் கீழே போனால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், அல்லது புதுப் பற்றரியின் விலையை முழுதாகக் கழித்துப் பேசுங்கள். பி0ஏ80 என்ற பழுதுக் குறி வந்தால் பற்றரி மாற்று என்றுதான் கார் சொல்கிறது. விற்பதற்கு முன் குறிகளை அழித்துவைக்கும் பழக்கம் உண்டு. அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதையும் ஸ்கானரே காட்டும். அது 15, 20 என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இனி இருக்கையின் பக்கம் குனியுங்கள். பற்றரிக்குக் குளிர் காற்று போகும் துவாரம் பின் இருக்கையின் அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும். மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் வலையை எடுத்துப் பாருங்கள். கடற்கரைக்குப் போய்வந்த காலோடு ஏறிய மணல், தலைமுடி, பிஸ்கட் தூள், செல்லப்பிராணியின் ரோமம் எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். காற்று போகாமல் பற்றரி வெந்து சாவது இப்படித்தான். 35 பாகை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தும் ஊரில் இந்தச் சின்ன வலை பற்றரியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வலை சுத்தமாக இருந்தால் சொந்தக்காரர் காரைப் பார்த்துக்கொண்டவர் என்று நான் நம்புவேன். வாங்கிய பிறகு ஒவ்வொரு சர்விஸிலும் அதைக் கழற்றித் தூசு தட்டச் சொல்லுங்கள். இருக்கைமேல் பயணப் பையைச் சாய்த்து அந்தத் துவாரத்தை அடைக்காதீர்கள்.

"பற்றரி மாத்தினதா அண்ணே?" என்று கேட்டால் "போன வருஷம்தான் தம்பி செஞ்சது" என்பார்கள். செய்ததா, மாற்றியதா என்று தெளிவாகக் கேளுங்கள். கெட்ட துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, வேறு பழைய பற்றரியிலிருந்து கழற்றிய துண்டுகளைப் போடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் வலுவான துண்டும் களைத்த துண்டும் ஒன்றாக ஓடி, சில மாதத்தில் வேறொன்று விழும். முழுதும் புதிதாகப் போட்டிருந்தால் ரசீதும் உத்தரவாதப் பத்திரமும் இருக்கும். இல்லையென்றால் பழைய பற்றரி என்றே எண்ணி விலை பேசுங்கள்.

படி 6: பற்றரிக்கு அப்பால்

சின்னப் பற்றரி ஒன்றும் உண்டு, சாதாரண 12 வோல்ற். பின்பக்கம், காருக்குள்ளேயே இருக்கும். அது இறங்கினால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் தயார் நிலைக்கு வராது. மூடிய அறைக்குள் இருப்பதால் வாயுக் குழாய் பூட்டிய வகையையே போடவேண்டும். விலை குறைவென்று சாதாரணப் பற்றரியைத் தூக்கிவைக்காதீர்கள். அடுத்தவர் வண்டிக்கு ஹைபிரிட்டிலிருந்து வயர் கொடுத்து ஸ்டாட் பண்ணவும் வேண்டாம்.

பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனிக் குளிர்நீர் ஓடுகிறது. பழைய பிரியஸில் கார் தயார் நிலையில் இருக்கும்போது அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே நீர் அசைந்து ஓடுவது தெரியவேண்டும். அசையாவிட்டால் பம்ப் போய்விட்டது. மலிவான சாமான்தான், கவனிக்காமல் விட்டால் இன்வேர்ட்டரைச் சாப்பிட்டுவிடும்.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் அனுப்பும் பாதை கரிபிடித்து அடைத்து, பிறகு ஹெட் கஸ்கற் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போவது அறியப்பட்ட குறை. காலையில் முதல் தடவை எஞ்சின் எழும்பும்போது கார் உதறினால் சந்தேகப்படுங்கள். காலையில் குளிரோடு பார்க்கச் சொன்னது இதற்கும்தான்.

பிரேக்கை அழுத்தாமலேயே முன்பக்கமிருந்து சில விநாடிக்கு ஒருமுறை பம்ப் இரைந்து நின்றால் பிரேக் அழுத்தக் கருவி களைத்துவிட்டது. அதன் விலை பற்றரி விலைக்குச் சளைத்ததல்ல.

ஏசி பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் நமது ஊரில் ஏசி கடைக்குப் போகாத காரே இல்லை. ஹைபிரிட்டின் ஏசி கொம்பிரசருக்குள் உயர் அழுத்த மின்மோட்டர் இருக்கிறது. அதற்கு என்டி11 என்ற தனி ஓயில் மட்டும்தான் போடவேண்டும். சாதாரணக் கார்களுக்குப் போடும் ஓயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, கார் மின்கசிவுக் குறி காட்டி நின்றுவிடும். அதே மெசினால் முன்னைய காருக்குக் காஸ் அடித்துவிட்டு உங்கள் காருக்கும் அடித்தால், குழாயில் மிஞ்சிய ஓயில் உள்ளே போகும். காஸ் அடிக்க விடுமுன் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

படி 7: கடலும் வெள்ளமும்

உப்புக் காற்று எல்லாக் காரையும்தான் அரிக்கிறது. ஹைபிரிட்டில் அது இரண்டு இடத்தில் விசேடமாகக் காட்டும். பற்றரித் துண்டுகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை படிந்து இணைப்புத் தளரும். நல்ல பாஸ் (கராஜ் மெக்கானிக்) என்றால் பற்றரியைத் திறந்து அதைத் துடைத்துப் பூட்டத் தெரிந்திருக்கும். இரண்டாவது, மோட்டரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பாட் நெடுநாள் வரும், ஆனால் பிரேக் தட்டு உரசுப்படாமல் துருப்பிடிக்கும். உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் கடலோரமாக நிறுத்துகிறவர்கள் கிழமைக்கு ஒருமுறையாவது வெற்று வீதியில் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்து அதைத் துடைத்துவிடுங்கள்.

வாடை மழையில் வீதி நிரம்பும்போது பற்றரி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதை நினையுங்கள். சாதாரணக் கார் இருக்கை மட்டத்துக்கு நனைந்தால் காய வைத்து, ஓயில் மாற்றி, ஒருவழியாக எழுப்பிவிடலாம். ஹைபிரிட்டில் அந்த மட்டத்தில்தான் பற்றரி. நனைந்த ஹைபிரிட்டை ஸ்டாட் பண்ணிப் பார்க்கவே கூடாது. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடக் கூடாது. லொறியில் ஏற்றிக் கொண்டுபோகவேண்டும்.

2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளம் நாடு முழுக்க எத்தனையோ வாகனங்களை மூழ்கடித்தது. அவற்றில் சில துடைத்து மெருகேறிச் சந்தைக்கு வராமல் இருக்காது. சீற் பெல்ற்றை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் மேலதிக ரயர் வைக்கும் குழியில் மண், செம்மஞ்சள் வயரின் இணைப்பில் வெள்ளைப் பொருக்கு. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

படி 8: காருக்கு முன் பாஸைத் தேடுங்கள்

அல்ட்டோ நின்றால் மூதூரிலோ குச்சவெளியிலோ கூட யாராவது ஒருவர் ஸ்பானரோடு வந்து எழுப்பிவிடுவார். ஹைபிரிட் அப்படியில்லை. வாங்குமுன் உங்களுக்குக் கிட்டிய கராஜுக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். ஓடும்போதே ஸ்கானரில் பற்றரிப் புளொக் வோல்ற் பார்க்க முடியுமா? ஏசிக்கு எந்த ஓயில் போடுவீர்கள்? உயர் அழுத்தத்தைத் துண்டிக்கும் சர்விஸ் பிளக் எங்கே இருக்கிறது, கழற்றிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பத்து நிமிடமாவது விடவேண்டும், மின்காப்புக் கையுறை போடவேண்டும் என்று தயங்காமல் சொல்கிறவர் வேலை தெரிந்தவர். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிறவரிடம் 200 வோல்ற் பற்றரியை ஒப்படைக்காதீர்கள். அவருடைய உயிருக்கும்தான் ஆபத்து.

பெரிய வேலைக்குக் கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டி வரலாம். 260 கிலோமீற்றர் தூரம். முன் சக்கரம் தரையில் உருள ஹைபிரிட்டைக் கட்டி இழுக்கக் கூடாது. சக்கரத்தோடு மோட்டரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். தட்டையான லொறியில்தான் ஏற்றவேண்டும். இரவில், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை கடக்கும் காட்டுப் பாதையில் நின்றுவிட்டால் அந்த லொறி எங்கிருந்து வரும் என்பதை முன்பே விசாரித்து இலக்கத்தைப் போனில் போட்டுவையுங்கள்.

காரை அதிகம் எடுக்காதவருக்கும் ஹைபிரிட் பொருந்தாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்தால் மட்டும் எடுக்கலாம் என்று மாதக்கணக்கில் மூடிவைத்தால் இரண்டு பற்றரியும் தானாக இறங்கிப் பழுதாகும். அப்படியானவர்களுக்கு நான் கையைப் பிடித்துச் சொல்வது ஒரு பெற்றோல் விற்ஸையோ அல்ட்டோவையோதான்.

படி 9: பணம் கொடுக்கும் நாள்

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கையில் வராமல் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் நேரில் ஒப்பிடுங்கள். பலர் கைமாறியும் பெயர் மாற்றாமல் திறந்த கடதாசியில் ஓடும் கார் என்றால் பதிவிலுள்ள உரிமையாளரைக் கண்டு பேசவேண்டும். ஜப்பான் ஏலத்தாளைக் காட்டினால் அதிலுள்ள செசி இலக்கமும் அன்றைய கிலோமீற்றரும் இன்றைய மீற்றரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மீற்றரைக் குறைப்பது நமது நாட்டில் பெரிய வேலையே இல்லை. ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடலும் தேய்ந்திருப்பது மீற்றரைவிட உண்மை பேசும்.

ஸ்கான் அறிக்கையை அச்சிட்டு விற்பவரிடம் கையொப்பம் வாங்குங்கள். இன்சூரன்ஸில் வெள்ளம், புயல் உள்ளிட்ட இயற்கை அனர்த்தங்கள் சேர்ந்திருக்கின்றனவா, உயர் அழுத்தப் பற்றரிக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். முழுக் காப்புறுதி என்ற பெயரிலேயே இவை விடுபட்டிருக்கலாம். வாடை தொடங்கும் முன் அந்தப் பதில் கையில் இருக்கவேண்டும்.